மூணாவது ஊசி

"போன வாட்டி ஊசி போட்டு ராத்திரி பூரா காய்ச்சல். தொட கல்லு மாரி ஆயிடுச்சி. இந்த வாட்டி வாணாம்."

காட்பாடி பக்கம் ஒரு துணை சுகாதார நிலையம். இன்று புதன், ஊசி நாள். பதினாலு வாரப் பேரனை நெஞ்சோடு அணைத்திருந்தார் அந்தப் பாட்டி. மருமகள் கையில் தடுப்பூசி அட்டை. இறுக்கிப் பிடித்ததில் ஓரம் நசுங்கியிருந்தது.

செவிலியர் அதட்டவில்லை. பாட்டி பக்கத்தில் உட்கார்ந்தார்.

"காய்ச்சல் ஒரு நாள், ரெண்டு நாள்ல போயிடும்மா. காய்ச்சலுக்கு சொட்டு மருந்து தரேன். ஊசி போட்ட எடத்த தேய்க்காதீங்க. அரை மணி நேரம் இருந்துட்டுப் போங்க."

அந்தப் பாட்டியின் பயத்தை அறியாமை என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. பிள்ளையின் காய்ச்சலை அவர் கண்ணால் பார்த்தவர். தொண்டை அடைப்பானையும் கக்குவானையும் இளம் தாய்மார்கள் பலர் பார்த்ததே இல்லை. ஊசி அவற்றை விரட்டிய பிறகு பிறந்தவர்கள். ரோட்டா கிருமியால் வரும் வயிற்றுப்போக்கைத் தடுக்கும் ரோட்டாவாக் சொட்டு மருந்தின் பெரிய ஆய்வு நடந்த மூன்று ஊர்களில் நம்ம வேலூரும் ஒன்று. இந்த ஊர்த் தாய்மார்களும் நம்பிக் கொடுத்த பிள்ளைகளால் வந்த மருந்து அது.

ஊசி இறங்கியது. பிள்ளை வீறிட்டான். பாட்டியும் அழுதார்.

அரை மணி கழித்து அட்டையை வாங்கி முந்தானையில் முடிந்தபடி கேட்டார்:

"அடுத்தது எப்பம்மா?"

"ஒம்பது மாசம் முடிஞ்சதும். தட்டம்மைக்கு."