ஒரு குழி மண் போதாது
வீடு கட்டப் போகிறவர்கள் தயவுசெய்து ஒரே இடத்தில் குழி தோண்டிப் பார்த்துவிட்டு, மனை முழுக்க இதே மண்தான் என்று முடிவு செய்யாதீர்கள். நம்ம கோயம்புத்தூர், பல்லடம் பக்கம் ஒரே காட்டுக்குள், அதாவது ஒரே விவசாய நிலத்துக்குள், ஓரத்தில் செம்மண், தள்ளிப் போனால் கரிசல், நடுவில் சுக்கான் என்கிற சுண்ணாம்புக் கல் என்று கிடக்கும். கரிசலில் இருக்கிற மான்ட்மோரில்லோனைட் என்ற களிமண் கனிமம் மழைக்குத் தண்ணீரை இழுத்து உப்பும், சித்திரை வெயிலுக்குச் சுருங்கி விரல் நுழைகிற அளவுக்கு வெடிக்கும். செம்மண் அவ்வளவு அசையாது. கட்டடம் மொத்தமும் ஒரே அளவு இறங்கினால்கூட ஓரளவு தாங்கும், ஒரு மூலை மட்டும் இறங்கினால்தான் ஜன்னல் முனையிலிருந்து சுவர் சாய்வாகப் பிளக்கிறது. தண்ணீரும் அப்படித்தான். கரிசலில் மெல்லக் கசியும், சரளையில் சட்டென்று இறங்கும், அதற்குக் கீழே பாறை வெடிப்பில் மட்டும்தான் ஓடும், அதனால்தான் பக்கத்துக் காட்டு போர்வெல்லில் தண்ணீர் கொட்டினாலும் நம்ம போர்வெல்லில் வெறும் புழுதி பறக்கிறது. அப்புறம், மழைநீர்க் குழியைக் கரிசல் பக்கம் அஸ்திவாரத்தை ஒட்டிப் போடவே வேண்டாம்.