இ-ரெக்னுங்குக்கு நான் தயாரான விதம்

ஜேர்மனியில் தனியாளாகத் தொழில் செய்கிற எங்கள் ஆட்களில் பலர், இ-ரெக்னுங் (ரெக்னுங் என்றால் விலைப்பட்டியல், இது அதன் மின்னணு வடிவம்) 2028இல்தானே கட்டாயமாக வருகிறது, அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்கிறார்கள். அனுப்பும் கடமைக்குத்தான் அந்த அவகாசம். பெற்றுக்கொள்ளும் கடமை 2025 ஜனவரி 1ஆம் திகதியே எல்லாத் தொழில்களுக்கும் தொடங்கிவிட்டது. நான் தமிழ்–ஜேர்மன் மொழிபெயர்ப்பாளர். சில நிறுவனங்களுக்கும் ஒரு நகரசபைக்கும் தொடர்ந்து ரெக்னுங் எழுதுகிறேன். கடைசி நேரம் வரை வைத்திருக்காமல் இப்போதே மாறிவிட்டேன். மற்றவர்களுக்கும் அதைத்தான் சொல்கிறேன்.

முதலில் காலக்கணக்கு. 2026இல் விற்றுமுதல் 8 இலட்சம் யூரோவைத் தாண்டுகிறவர்கள் 2027 தொடக்கத்திலிருந்தே இ-ரெக்னுங் அனுப்ப வேண்டும். மற்றவர்களுக்கு 2028. தனிநபர்களுக்கு எழுதுவதும், 250 யூரோ வரையான சிறு ரெக்னுங்குகளும் இதில் அடங்கா. கிளைன்உன்டர்னேமராக, அதாவது வற் (பெறுமதி சேர் வரி) அறவிடாத சிறுதொழில் செய்பவராகப் பதிந்தவர்கள் அனுப்ப வேண்டிய கட்டாயம் இல்லை. ஆனால் அவர்களுக்கு ஒன்று வந்தால் பெற்றுக்கொள்ளத்தான் வேண்டும்.

இதே தொழிலில் இருக்கும் தம்பி ஒருவர், "நான் பிடிஎஃப்தானே அனுப்புறன், அதுவும் மின்னணுதானே அண்ணை?" என்று கேட்டார். நிறையப் பேர் தடுமாறும் இடம் இதுதான். சட்டத்தின் கண்ணில் வெறும் பிடிஎஃப் இ-ரெக்னுங் ஆகாது. கணினி நேரடியாக வாசித்துப் பதியக்கூடிய எக்ஸ்எம்எல் தரவு இருக்க வேண்டும். இங்கே இரண்டு வடிவங்கள் பரவலாக உள்ளன. எக்ஸ்-ரெக்னுங் முழுக்க எக்ஸ்எம்எல். மனிதக் கண்ணால் வாசிக்கச் சிரமம். சுக்ஃபெர்ட் என்பது பிடிஎஃப்புக்குள் எக்ஸ்எம்எல்லை வைத்து அனுப்புவது. பிடிஎஃப்பும் எக்ஸ்எம்எல்லும் முரண்பட்டால் எக்ஸ்எம்எல்லில் இருப்பதுதான் செல்லும். பிடிஎஃப்பை எவ்வளவு அழகாக வடிவமைத்தாலும் உள்ளே இருக்கும் தரவு பிழைத்தால் ரெக்னுங் பிழைதான்.

பெறுவதற்குச் செலவே இல்லை. சாதாரண மின்னஞ்சல் பெட்டி போதும். நான் ரெக்னுங்குகளுக்கென்று தனி முகவரி திறந்து, எனக்குப் பொருள் தருகிறவர்களுக்கெல்லாம் அதையே கொடுத்தேன். வரும் எக்ஸ்எம்எல்லைத் திறந்து பார்க்க வரி அலுவலகத்தின் எல்ஸ்டர் இணையத்தளத்திலேயே இலவச வசதி இருக்கிறது. சேமிப்பில்தான் கூடுதல் கவனம் வேண்டும். அச்சடித்துக் கோப்பில் போட்டால் கணக்கில் வராது. வந்த எக்ஸ்எம்எல்லை வந்தபடியே, மாற்ற முடியாத விதத்தில் 8 வருடம் வைத்திருக்க வேண்டும்.

அனுப்பும் பக்கத்தில்தான் உண்மையான வேலை. நகரசபைக்கு எக்ஸ்-ரெக்னுங் கேட்டார்கள். அதற்கு லைட்வேக் ஐடி என்ற எண் தேவை. எந்தப் பிரிவுக்குப் போக வேண்டும் என்பதை அதுதான் சொல்லும். வேலையை ஏற்கும்போதே அதைக் கேட்டு வாங்கிவிடுவது நல்லது. முடிந்த பிறகு கேட்டால் யாரிடம் இருக்கிறது என்று தேடுவதிலேயே நாள் போய்விடும்.

பிறகு, எழுதிய ரெக்னுங் விதிப்படி இருக்கிறதா என்று பார்க்கும் சோதனைக் கருவியில் போட்டுப் பார்த்தேன். எக்ஸ்-ரெக்னுங்கில் அனுப்புகிறவரின் பெயர், தொலைபேசி, மின்னஞ்சல் மூன்றும் கட்டாயம். ஒன்று விடுபட்டாலும் சிவப்பில் காட்டும். அளவுக்கும் குறியீடு வேண்டும்: மணித்தியாலத்துக்கு எச்-யூ-ஆர். மொழிபெயர்ப்பை, ஒரு வரிக்கு 55 எழுத்து என்று வரிகளை எண்ணி விற்கிறோம். அதற்குப் பொதுவான 'சி62' என்ற குறியீட்டைப் போடுகிறேன்.

வற் கணக்கிலும் ஒரு நுணுக்கம் உண்டு. எக்ஸெல் தாளில் ஒவ்வொரு உருப்படிக்கும் 19 வீதம் போட்டு, சதத்துக்குச் சரிசெய்து, கடைசியில் கூட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். இ-ரெக்னுங்குக்கான தரத்தில் ஒரே வீதத்தில் வரும் எல்லாவற்றையும் முதலில் கூட்டி, அந்தத் தொகைக்கு ஒரே தடவை வற் போட வேண்டும். தலா 10.03 யூரோவில் மூன்று உருப்படிகள் என்று வையுங்கள். தனித்தனியாகப் போட்டால் ஒவ்வொன்றுக்கும் 1.91 யூரோ வற், மூன்றுக்கும் ஆக 5.73. மொத்தம் 30.09க்குப் போட்டால் 5.72. அந்த ஒரு சதம் தரத்தின் கணக்கோடு ஒத்துப்போகாது.

மென்பொருள் வாங்குவதை நான் கடைசியாகத்தான் வைத்தேன். அதற்கு முன் வாடிக்கையாளர் பட்டியலைத் திருத்தினேன்: சட்டப்படியான முழுப்பெயர், சரியான முகவரி, ரெக்னுங் அனுப்ப வேண்டிய மின்னஞ்சல், அவர்கள் கேட்கும் ஓடர் இலக்கம். இந்தப் பட்டியல் ஒழுங்காக இருந்தால் எந்த மென்பொருளும் வேலை செய்யும். மாதத்துக்கு நாலைந்து ரெக்னுங் எழுதுகிறவர் பெரிய சந்தாவுக்குப் போக வேண்டியதில்லை என்பது என் கருத்து. எக்ஸ்-ரெக்னுங், சுக்ஃபெர்ட் இரண்டையும் எழுதுகிறதா, எக்ஸ்எம்எல்லை வெளியே எடுத்துச் சேமிக்க விடுகிறதா என்று மட்டும் பாருங்கள். இரண்டாவது கேள்வி மிக முக்கியம். சந்தாவை நிறுத்திய அன்று உங்கள் பழைய ரெக்னுங்குகளும் பூட்டுப்பட்டால், வரி அலுவலகம் கேட்கும்போது கையில் எதுவும் இருக்காது.

இப்போது நிறுவனங்களுக்கு சுக்ஃபெர்ட், நகரசபைக்கு எக்ஸ்-ரெக்னுங் என்று போகிறது. சுவிஸில் இருக்கும் வாடிக்கையாளருக்கு மட்டும் பழையபடி பிடிஎஃப்தான். இரு தரப்பும் ஜேர்மனிக்குள் தொழில் செய்தால்தான் இந்தக் கட்டாயம்.