ஸ்டீயரிங் லேசாகும் நொடி

என் நண்பனின் கார் கால் மைல் தூரத்தை 12 நொடிக்குள் முடித்துவிடும். என் காருக்கு அதே தூரத்துக்கு 16 நொடிக்கு மேல் ஆகிறது. அவனுடையது 500 ஹார்ஸ்பவரைத் தாண்டிய வண்டி. என்னுடையது முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5, அதாவது மியாட்டா. 1.6 லிட்டர் இன்ஜின், புதிதாக வந்த காலத்தில் 116 ஹார்ஸ்பவர். முப்பது வருஷத்துக்கு மேல் ஓடிய பிறகு அதில் எத்தனை மிச்சம் என்று நான் அளந்து பார்த்ததில்லை, அளக்கத் தோன்றியதும் இல்லை.

பவரா, ஹேண்ட்லிங்கா, அதாவது இன்ஜினின் சக்தியா, வண்டி ஓட்டுபவர் கைக்குக் கட்டுப்படும் விதமா என்கிற பேச்சு எங்கள் இருவருக்குள்ளும் பத்து வருஷமாக ஓடுகிறது. இதில் நான் எந்தப் பக்கம் என்பதை வண்டியே சொல்லிவிடும். ஆனால் ஏன் அந்தப் பக்கம் என்பதை இதுவரை சரியாகச் சொன்னதில்லை. "வளைவில் வேகமாகப் போகும்" என்பது அதற்கான பதில் இல்லை.

நானும் பவர் பக்கம் இருந்தவன்தான். ஆறு வருஷம் ஒரு பெரிய டர்போ செடான் வைத்திருந்தேன். 400 ஹார்ஸ்பவர், எடை 1,800 கிலோ. ஆக்சிலரேட்டரை மிதித்தால் முதுகு சீட்டோடு ஒட்டிக்கொள்ளும். அந்த பிக்கப் எனக்கு நிஜமாகவே பிடித்திருந்தது, இப்போதும் அதைக் குறைத்துப் பேச மாட்டேன். அந்த வண்டியை முதல்முறை பந்தயத் தளத்துக்கு எடுத்துப் போன அன்று என் கண்ணாடியில் ஒரு சின்ன மியாட்டா தெரிந்தது. நேரான பகுதி வந்தால் அது புள்ளியாகிவிடும். அடுத்த வளைவு முடிவதற்குள் மறுபடியும் கண்ணாடி நிறைய நிற்கும். நான்கு சுற்று இப்படியே போனது. அதற்குள் என் பிரேக் சூடாகி பெடல் பஞ்சு மாதிரி இறங்க ஆரம்பித்திருந்தது. ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, கடந்து போகச் சொல்லிச் சைகை காட்டினேன்.

மதியம் அந்த வண்டியின் சொந்தக்காரர் என்னைப் பக்கத்து சீட்டில் உட்கார வைத்து ஓட்டினார். அவர் எவ்வளவு வேகமாகப் போனார் என்பது எனக்கு நினைவில்லை, கைகள்தான் நினைவில் இருக்கின்றன. நீளமான ஒரு வலது வளைவின் நடுவே அவர் ஸ்டீயரிங்கை ஒரு விரல் அகலம் நேராக்கும் பக்கம் தளர்த்தினார். வண்டி அப்படியே கோட்டில் நின்றது. எதற்கு அப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன். "லேசாச்சு, அதான்" என்றார்.

அந்த இரண்டு வார்த்தையின் அர்த்தம் விளங்க எனக்கு ஒரு வருஷம் பிடித்தது. அதற்குள் நானும் ஒரு மியாட்டா வாங்கியிருந்தேன்.

விஷயம் இதுதான். முன் சக்கரத்தைத் திருப்பும்போது, தரையைத் தொடும் டயர்ப் பகுதி முறுக்கிக்கொள்கிறது. அந்தப் பகுதி ஏறக்குறைய உள்ளங்கை அளவுதான் இருக்கும். அங்கே உண்டாகும் பக்கவாட்டு விசை சக்கரத்தின் நடுவுக்கு நேர் கீழே விழுவதில்லை, கொஞ்சம் பின்னால் தள்ளி விழுகிறது. அந்த இடைவெளிதான் சக்கரத்தை மறுபடி நேராக்கப் பார்க்கிறது. ஸ்டீயரிங்கில் நம் கை உணரும் கனத்தில் பெரும்பங்கு இதுதான். வேகம் ஏற ஏற, டயர் தரையைத் தொடும் பகுதியின் பின்பாதி முதலில் வழுக்கத் தொடங்கும். அப்போது அந்த இடைவெளி சுருங்கும், கனமும் குறையும். முக்கியமாக, டயரின் பிடி உச்சத்தைத் தொடுவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே இது நடந்துவிடுகிறது. அதாவது, முன்பக்கம் வெளியே வழுக்கிப் போகும் அண்டர்ஸ்டீர் வருவதற்கு முன்பே கைக்குச் செய்தி வந்துவிடும். இதற்கு மேல் என்னிடம் கேட்காதே என்று டயர் முன்கூட்டியே சொல்லிவிடுகிறது.

என் செடானிலும் இதே இயற்பியல்தான் நடந்துகொண்டிருந்தது, என் கைக்குத்தான் எதுவும் வரவில்லை. பவர் ஸ்டீயரிங்கின் உதவி, முன்பக்கம் உட்கார்ந்திருந்த கனமான இன்ஜின், அகலமான டயர் எல்லாம் சேர்ந்து அந்தச் சின்னச் செய்தியை விழுங்கிவிட்டன. மியாட்டாவில் என்னுடையது பவர் ஸ்டீயரிங் இல்லாத வண்டி. பார்க்கிங்கில் தோள் வலிக்கும், வளைவில் எல்லாம் கேட்கும்.

இதனால்தான் ஹேண்ட்லிங் என்றதும் சிலர் பக்கவாட்டு 'ஜி' எண்ணை, அதாவது வளைவில் வண்டி எவ்வளவு பக்கவாட்டு விசையைத் தாங்கும் என்பதைச் சொல்லிப் பெருமைப்படுவதை என்னால் ஏற்க முடிவதில்லை. ஹார்ஸ்பவருக்குப் பதிலாக இன்னொரு எண், அவ்வளவுதான். பிடி வேறு, ஹேண்ட்லிங் வேறு. அகலமான, ஒட்டும் ரகத்து டயர் மாட்டினால் எந்த வண்டிக்கும் பிடி கூடும். கூடவே பிடி விடும் எல்லை தள்ளிப் போகும், அந்த எல்லையைத் தொடும்போது வேகமும் ஆபத்தும் அதிகமாகியிருக்கும், பிடி விடுபடுவதும் பெரும்பாலும் சட்டென்று இருக்கும்.

2012-ல் டொயோட்டா ஜிடி86 வந்தபோது 200 ஹார்ஸ்பவர் போதாது என்று பலர் குறைபட்டார்கள். அதன் டயர் 215 மில்லிமீட்டர் அகலம்தான். பிரியஸ் ஹைப்ரிட் காருக்கும் கொடுக்கப்பட்ட அதே மிஷெலின் பிரைமசி ரகம். பொறியாளர்கள் அதைத் தெரிந்தே தேர்ந்தெடுத்தார்கள். குறைந்த வேகத்திலேயே வண்டியின் எல்லை ஓட்டுபவருக்குத் தெரிய வேண்டும், பின்பக்கம் மெதுவாக வெளியே வர வேண்டும், அதைப் பிடித்துச் சரிசெய்ய நேரம் கிடைக்க வேண்டும் என்பதற்காக. பிடியைக் குறைத்து உணர்வைக் கூட்டிய அந்த முடிவை நான் மிகவும் மதிக்கிறேன்.

சரி, கணக்குக்கும் வருவோம். 50 மீட்டர் ஆரம் கொண்ட சமதள வளைவு ஒன்று. வண்டியின் எடைக்குச் சமமான பக்கவாட்டு விசையை டயர்கள் தருமானால் அதில் போகக்கூடிய உச்ச வேகம் மணிக்குச் சுமார் 80 கிலோமீட்டர். இந்தக் கணக்கில் ஹார்ஸ்பவருக்கு இடமே இல்லை. காகிதத்தில் எடையும் இருபக்கமும் அடிபட்டுப் போய்விடும். ஆனால் உண்மையான டயர் அப்படி நடந்துகொள்வதில்லை. அதன் மீது சுமையை இரட்டிப்பாக்கினால் பிடி இரட்டிப்பாகாது, கொஞ்சம் குறைவாகவே கிடைக்கும். கனமான வண்டி வளைவில் தோற்பதும், எடை ஒரு பக்கமாகச் சாயும்போது மொத்தப் பிடி குறைவதும் இதனால்தான். ஷாக் அப்சார்பர், ஆன்டி-ரோல் பார், வீல் அலைன்மென்ட் என்று நாங்கள் நாள் முழுக்கப் பேசுவதெல்லாம் அந்தச் சுமையை நான்கு டயருக்கும் எப்படிப் பங்கு போடுவது என்பதைப் பற்றித்தான்.

நேர்கோட்டில் எதிரி காற்று. வேகத்தை இரட்டிப்பாக்க வேண்டுமானால் காற்றை எதிர்க்க மட்டும் எட்டு மடங்கு சக்தி தேவை. மெக்லாரன் எஃப்1 1998-ல் 627 ஹார்ஸ்பவரோடு மணிக்கு 386 கிலோமீட்டரைத் தொட்டது. 2005-ல் புகாட்டி வேரான் 1,001 ஹார்ஸ்பவரோடு 407-ஐத் தொட்டது. இரண்டின் உருவமும் வேறுதான். இருந்தாலும் கூடுதல் 370 சொச்சம் ஹார்ஸ்பவருக்குக் கிடைத்தது இருபத்தோரு கிலோமீட்டர். அந்த மெக்லாரனின் எடை 1,138 கிலோ, வேரான் 1,900 கிலோவை நெருங்கியது. இரண்டில் ஒன்றை ஓட்டு என்று யாராவது சாவி நீட்டினால் நான் எதை எடுப்பேன் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஹேண்ட்லிங் பிரியர்கள் அடிக்கடி எடுத்துக்காட்டும் 1964 மாண்டே கார்லோ ராலியைப் பற்றியும் ஒரு வார்த்தை. பேடி ஹாப்கர்க் 1,071 சிசி மினி கூப்பர் எஸ்ஸில் ஜெயித்தார், 4.7 லிட்டர் வி8 ஃபோர்ட் ஃபால்கன் இரண்டாவது வந்தது. அழகான கதைதான். ஆனால் இன்ஜின் அளவைப் பார்த்துச் சலுகை தரும் விதி ஒன்று அப்போது இருந்தது, அது சின்ன வண்டிக்குச் சாதகம். அதனால் இந்தக் கதையை வாதத்துக்கு நான் எடுப்பதில்லை. மினியின் நான்கு மூலையிலும் இருந்த 10 அங்குலச் சக்கரங்களை நேசிக்க ஒரு கோப்பை தேவையில்லை.

மாஸ்டாவின் பொறியாளர்கள் 1989-ல் வந்த அந்த முதல் மியாட்டாவை 'ஜின்பா இட்டாய்' என்ற எண்ணத்தோடு வடிவமைத்தார்கள். குதிரையும் அதன் மேல் இருப்பவரும் ஓருடல் என்று பொருள். எத்தனை குதிரை என்பதையே எல்லோரும் கேட்கும் இடத்தில் அவர்கள் ஒரே ஒரு குதிரையைப் பற்றி யோசித்திருக்கிறார்கள். ஆயிரம் கிலோவுக்கும் குறைந்த எடை, முன்னும் பின்னும் சரிபாதியாக. நான்கு சக்கரத்துக்கும் டபுள் விஷ்போன் சஸ்பென்ஷன், அதாவது ஒவ்வொரு சக்கரத்தையும் மேலும் கீழுமாக இரண்டு கைகள் பிடித்திருக்கும் அமைப்பு.

அந்த வண்டியும் என் கைக்கு வந்தபோது ஊமையாகத்தான் இருந்தது. நேர் ரோட்டிலேயே லேசாக அலையும், வளைவில் நுழைந்ததும் ஒரு கணம் தயங்கும். முதலில் நான் டயரைச் சந்தேகப்பட்டேன், பிறகு அலைன்மென்ட்டை. காரணம் சஸ்பென்ஷன் கைகள் இணையும் இடங்களில் இருந்த ரப்பர் உறைகள், அதாவது புஷ்கள். வயதாகி வெடித்திருந்தன. நான்கு வார இறுதிகள் எடுத்து எல்லாவற்றையும் மாற்றினேன். சில போல்ட்டுகள் துருப்பிடித்து, அறுத்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. மாற்றி முடித்து அலைன்மென்ட் சரிபார்த்து வெளியே எடுத்த முதல் வளைவிலேயே எனக்குத் தொண்டை அடைத்தது. ஒரு ஹார்ஸ்பவர்கூடக் கூடவில்லை. நான் கையை அசைப்பதற்கும் வண்டி அசைவதற்கும் இடையில் இருந்த தயக்கம் மட்டும் போயிருந்தது.

இதை நண்பனிடம் சொன்னபோது அவன் என்னை ஓர் இரவு விமான ஓடுதளத்துக்குக் கூட்டிப் போனான், டிராக் ரேஸ் எனும் நேர்கோட்டுப் பந்தயம் பார்க்க. பார்க்க என்று சொல்கிறேன், உண்மையில் அவன் வேலை செய்வதைப் பார்க்க. பின் டயரின் காற்றை அரை பிஎஸ்ஐ குறைத்தான். தரையைக் குனிந்து கையால் தொட்டுப் பார்த்தான். மறுபடி கால் பிஎஸ்ஐ ஏற்றினான். டயரைச் சுழலவிட்டுப் புகையக் காய்ச்சினான். ஓட்டம் முடிந்ததும் கையில் வந்த நேரத் தாளில் அவன் உச்ச வேகத்தைப் பார்க்கவே இல்லை. முதல் 60 அடிக்கு எத்தனை நொடி என்பதைத்தான் முதலில் தேடினான். கிளம்பும்போது பின் டயர் சுழல்வதற்கும் பிடிப்பதற்கும் நடுவில் ஒரு மெல்லிய இடம் இருக்கிறது, அங்கே வண்டியை வைக்க வேண்டும், அது சீட்டின் வழியாக இடுப்புக்குத் தெரியும் என்றான்.

எனக்கு அந்த இடம் தெரியும். எனக்குக் கை வழியாக வருகிறது, அவனுக்கு இடுப்பு வழியாக. அதன் பிறகு, நேர்கோட்டில் ஓட்டுவதற்குத் திறமை தேவையில்லை என்று யார் சொன்னாலும் எனக்குக் கோபம் வருகிறது. 2018 டாட்ஜ் டீமனை எடுத்துக்கொள்ளுங்கள். பந்தய எரிபொருளில் 840 ஹார்ஸ்பவர். ஆனால் அந்தச் சக்தியைத் தரையில் இறக்குவதற்காக அவர்கள் முன் ஸ்பிரிங்கை மென்மையாக்கி, மூக்கு எழுந்து எடை பின் சக்கரத்துக்குப் போகும்படி சஸ்பென்ஷனையே மாற்றினார்கள். அதுவும் ஹேண்ட்லிங் வேலைதான், திசை மட்டும் வேறு.

இருந்தாலும் எங்கள் கருத்து வேறுபாடு தீரவில்லை. அவனுடைய அந்த மெல்லிய இடம் ஓர் ஓட்டத்தில் ஒன்றரை நொடி நீடிக்கும், பிறகு இன்ஜின் பார்த்துக்கொள்ளும். எனக்கு ஒவ்வொரு வளைவிலும் அது திரும்ப வருகிறது. எனக்கு அது அதிகம் வேண்டும், அவ்வளவுதான். ஆயிரம் ஹார்ஸ்பவருக்கு மேல் உள்ள மின்சாரச் செடான் ஒன்றில் அவனோடு உட்கார்ந்து பார்த்தேன். முதல் தடவை மிதித்தபோது மூச்சு நின்றது. ஐந்தாவது தடவையும் முதல் தடவை மாதிரியே இருந்தது. அவனுக்கும் அது உறுத்தியது. "நான் எதுவும் பண்ணலையே மச்சான்" என்றான், கொஞ்சம் வருத்தமாகவே.

போன மாதம் மழை விட்ட ஒரு காலையில், ஆளில்லாத பெரிய தளத்தில் கோன்கள் அடுக்கி என் வண்டியை அவனிடம் கொடுத்தேன். முதல் சுற்றில் ஆக்சிலரேட்டரில்தான் அவன் கவனம் இருந்தது, முன்பக்கம் வழுக்கி இரண்டு கோன்களைத் தள்ளினான். இரண்டாவது சுற்றில் ஒன்று. நான் எதுவும் சொல்லவில்லை. மூன்றாவது சுற்றில், அந்த நீளமான இடது வளைவின் நடுவே அவன் கை தானாக ஒரு விரல் அகலம் ஸ்டீயரிங்கை நேராக்கும் பக்கம் தளர்த்தியது.

"லேசாச்சுடா" என்றான்.

வளைவு முடிந்ததும் நிறுத்துவான் என்று நினைத்தேன். இரண்டாவது கியரைப் போட்டு மறுபடி முதல் கோனை நோக்கித் திருப்பினான்.