அப்பா காட்டிய வால்நட்சத்திரம்

1986 மார்ச். விடியக்காலை நாலு மணிக்கு அப்பா என்னைப் போர்வையோடு மொட்டை மாடிக்குத் தூக்கிட்டுப் போனார். தென்கிழக்கே, பனைமரத்துக்கு மேலே, சுண்ணாம்பு விரலால் இழுத்த மாதிரி மங்கலா ஒரு கீற்று.

"அதான் ஹாலி. இனிமே 2061-லதான் வரும். எனக்கும் சேர்த்து நீ பாரு."

வானத்துல போற ஒண்ணு எப்போ திரும்பி வரும்னு இங்கிருந்தே எப்படிக் கணக்குப் போட்டாங்க? அந்தக் கேள்விதான் என்னை இயற்பியல் படிக்க வெச்சது. இன்னிக்கும் விடலை.

ஹாலி விட்டுட்டுப் போன தூசி வருஷா வருஷம் அக்டோபர் 21 வாக்கில் எரிகல்லா விழும், ஓரியன் நட்சத்திரக் கூட்டத்துப் பக்கத்திலிருந்து. நமக்கு அது மழைக்காலம், பெரும்பாலும் மேகம்தான். ஆனாலும் மாடிக்குப் போயிடுவேன்.

போன வருஷம் மூணு பார்த்தேன். மூணாவது பச்சையா, நீளமா. "அப்பா, அங்கே!"ன்னு வாய்விட்டுச் சொல்லிட்டேன்.