சொந்தக்காரர்களுக்கு அப்புறம், பார்மசிஸ்ட்டுக்கு முதலில்

எங்கள் வீட்டில் மூன்று மாதம் முடியும்வரை கர்ப்பத்தைப் பற்றி வெளியே மூச்சு விடக்கூடாது. கண் பட்டுவிடும் என்பது பட்டர்வொர்த்தில் இருக்கும் மாமியாரின் கவலை. நானும் சரி என்று தலையாட்டிவிட்டேன். முகம்தான் கேட்கவில்லை. இரண்டாம் மாதமே தாடையெல்லாம் சீழ் வைத்த பருக்கள். ஐந்தாம் படிவத்தில் படித்த காலத்தில்கூட எனக்கு இப்படி வந்ததில்லை.

வேலை பாயான் லெப்பாஸில், ஓர் எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையின் கிளீன் ரூமில், அதாவது தூசு புகாத அறையில். தலை முதல் கால் வரை வெள்ளை உடை, கண் மட்டும் தெரியும் முகக்கவசம். பவுடர், மேக்கப் எதுவும் போடக்கூடாது. ஒரு துகள் சில்லில் விழுந்தாலே போச்சு. ஷிப்ட் முழுக்க முகக்கவசத்துக்குள் மூச்சும் வியர்வையும். கர்ப்ப ஹார்மோன்களால் எண்ணெய்ச் சுரப்பிகள் ஏற்கெனவே கூடுதலாகச் சுரக்கும் நேரம் வேறு. பரு வராமல் என்ன செய்யும்?

இங்கேதான் எனக்கு ஒரு விஷயம் உறைத்தது. பிள்ளையின் இதயம், மூளை, கை கால் எல்லாம் உருவாகத் தொடங்குவது அந்த முதல் மூன்று மாதத்தில். நாம் வாயைத் திறக்காமல் இருப்பதும் அதே மூன்று மாதத்தில். வயிறும் தெரியாது. கடையில் விற்பனைப் பெண் பருவைப் பார்த்துவிட்டு நல்லெண்ணத்தோடு கர்ப்பிணிக்கு ஆகாத ஒரு ரெட்டினால் சீரத்தை நீட்டுவாள். அவளுக்கு எப்படித் தெரியும்? ஃபேஷியல் செய்பவருக்கும் தெரியாது. சாதாரணக் காய்ச்சலுக்குக் கிளினிக் போனாலும் நாமாகச் சொன்னால்தான் தெரியும். ஊருக்குச் சொல்ல வேண்டாம், மருந்து கொடுப்பவருக்குச் சொல்லியே ஆக வேண்டும். அதற்கெல்லாம் கண் படாது.

ஜெலுத்தோங்கில் வீட்டுக்குப் பக்கத்துப் பார்மசியில் ஒரு சீன அக்கா பார்மசிஸ்ட். கூட்டம் குறையும்வரை நின்று, மலாயில் மெதுவாகச் சொன்னேன். அவர் வாழ்த்துகூடச் சொல்லவில்லை. முதலில் கேட்டது, “எத்தனை வாரம்?” அப்புறம், “இப்போது முகத்தில் என்னென்ன போடுகிறாய்?” அந்த இரண்டு கேள்விக்கே அவருக்குக் கோடி புண்ணியம்.

அவர் எடுத்துக் கொடுத்தது அசெலெயிக் அமிலம், 20 சதவீத கிரீம். கோதுமை, பார்லி போன்ற தானியங்களிலேயே இருக்கிற பொருள்தான். கர்ப்ப காலத்தில் பருவுக்கு மருத்துவர்கள் முதலில் நினைப்பதில் இதுவும் ஒன்று. பரு போன இடத்துக் கறுப்பையும் கொஞ்சம் குறைக்கும், நம் நிறத்துக்கு அதுதான் பெரிய தலைவலி. போட்ட புதிதில் எறும்பு ஊர்வது போல ஒரு நமநமப்பு. பலன் தெரிய ஒன்றிரண்டு மாதமாவது ஆகும், ஒரே வாரத்தில் மாறாது என்று முன்கூட்டியே எச்சரித்துத்தான் கொடுத்தார்.

பெரிய பருக்களின்மேல் மட்டும் வைக்க பென்சாயில் பெராக்சைடு, 2.5 சதவீதம். 10 சதவீதமும் கிடைக்கிறது, ஆனால் குறைந்ததே ஏறக்குறைய அதே வேலையைச் செய்யும், எரிச்சல்தான் குறைவு. இதில் தோல் வழியாக உள்ளே போவது 5 சதவீதம் அளவுக்குத்தான், அதுவும் பென்சாயிக் அமிலமாக மாறிச் சிறுநீரில் போய்விடும். ஆனால் துணிக்கு இது எமன். என் கரு நீலத் தலையணை உறையில் தாடை படும் இடத்தில் மட்டும் ஆரஞ்சு நிறத் திட்டுகள். துவைத்தால் போகாது, சாயமே போய்விட்டது. இப்போது வெள்ளை உறை.

இதற்கும் அடங்காவிட்டால் கிளிண்டாமைசின் போன்ற பூசும் மருந்துகளை மருத்துவர் எழுதித் தருவார். சாலிசிலிக் அமிலம் 2 சதவீதம் உள்ள ஃபேஸ் வாஷ் பரவாயில்லை. அதையே அதிக அளவில் வைத்து முகம் முழுக்கத் தோலை உரித்தெடுக்கும் பீல் வேண்டாம்.

கூடாதவற்றில் முதலிடம் ஐசோட்ரெட்டினாயின் மாத்திரைக்கு. பிள்ளையின் மூளை, இதயம், காது, முகம் உருவாவதையே கெடுக்கக்கூடியது. சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்கள் நிறுத்தி ஒரு மாதமாவது கழித்துத்தான் கர்ப்பத்துக்கு முயற்சி செய்ய வேண்டும். சாப்பிடும்போதே கரு தங்கிவிட்டால் அன்றே மருத்துவரிடம் ஓட வேண்டும். பருவுக்குக் கொடுக்கும் ஆன்டிபயாடிக் மாத்திரையான டாக்சிசைக்ளினும் வேண்டாம், பிள்ளையின் பற்களில் கறை படிய வைக்கலாம். ட்ரெட்டினாயின், அடாபலீன், ரெட்டினால் கிரீம்களையும் நிறுத்தச் சொல்வார்கள். தெரியாமல் முன்பு பூசியிருந்தால் பதற வேண்டாம், தோல் வழியே போவது மிகக் குறைவு. நிறுத்திவிட்டு, அடுத்த செக்கப்பில் சொன்னால் போதும்.

ஆனால் இவற்றின் பெயராவது பெட்டியில் அச்சாகியிருக்கும். எனக்குப் பயம் பெயரே இல்லாத கிரீம்மேல்தான். வளைகாப்புக்கு நாள் குறித்ததும், போட்டோவில் முகம் பளிச்சென்று இருக்க வேண்டும் என்று சித்தி ஒரு கிரீம் செட்டைக் கொண்டுவந்தார். வாட்ஸாப்பில் யாரோ விற்றதாம், முப்பத்தைந்து வெள்ளி. கட்டைவிரல் அகலப் பிளாஸ்டிக் டப்பா இரண்டு, மூடியில் மார்க்கர் பேனாவால் ஒன்றில் ‘பகல்’, மற்றதில் ‘இரவு’. இரவு டப்பாவில் மாம்பழ மஞ்சளில் பசை, மூக்கைத் துளைக்கும் வாசனை. என்ன கலந்திருக்கிறது, யார் செய்தது, ஒரு வரி இல்லை.

நம் மலேசியாவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான என்பிஆர்ஏ அவ்வப்போது தடை செய்யும் கிரீம்களின் பட்டியலைப் பாருங்கள். பாதரசம், ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின், ஸ்டீராய்டு என்று அதே பெயர்கள் திரும்பத் திரும்ப வரும். பாதரசம் தாயின் ரத்தத்திலிருந்து நஞ்சுக்கொடி தாண்டிப் பிள்ளைக்குப் போகும், மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். முறையாக அறிவிக்கப்பட்ட அழகுப் பொருளுக்கு ‘நாட்’ (NOT) என்று தொடங்கி ‘கே’யில் (K) முடியும் ஓர் எண் உண்டு, அவர்களுடைய இணையப் பக்கத்தில் தட்டிப் பார்க்கலாம். எண் இருப்பவையும் பின்னால் மாட்டியிருக்கின்றன, அது வேறு கதை. எண்ணே இல்லாததை என்னவென்று நம்புவது? சித்தியிடம் “மிஸ்ஸி திட்டுவாங்க சித்தி” என்றேன். மிஸ்ஸி என்றால் கிளினிக் நர்ஸ். நம் ஆட்களிடம் அறிவியலைவிட அவர் பெயர் நன்றாக வேலை செய்யும்.

உண்மையிலேயே மிஸ்ஸியிடமும் கேட்டேன். கர்ப்ப கால செக்கப்புகளைப் பதியும் பிங்க் புத்தகத்தில் கிரீம்களின் பெயரைக் குறித்துக்கொண்டு ஒன்றை மட்டும் அழுத்திச் சொன்னார்: பரு வேறு, அரிப்பு வேறு. தடிப்பே இல்லாமல் உள்ளங்கை, உள்ளங்கால் அரித்தால், அதுவும் கடைசி மாதங்களில், அடுத்த செக்கப் வரை காத்திருக்காமல் உடனே வர வேண்டும். கல்லீரல் கோளாறாக இருக்கலாம்.

வீட்டு வைத்தியத்தில் பயத்தம் மாவு எனக்கு ஒத்துக்கொண்டது. பக்கத்து வீட்டு மக்சிக், அதாவது மலாய் அத்தை, கொடுத்த பெடாக் செஜுக் என்ற குளிர்ச்சிப் பவுடரும் அரிசிதான், வெயிலுக்கு இதமாக இருந்தது, பருவுக்கு ஒன்றும் செய்யவில்லை. எலுமிச்சைச் சாற்றைத் தேய்த்துக்கொண்டு பினாங்கு வெயிலில் போகாதீர்கள், தோல் வெந்து கறுத்துவிடும். சன்ஸ்கிரீன் கட்டாயம், இல்லாவிட்டால் பருவோடு மங்கு என்ற கரும்படலமும் சேர்ந்துகொள்ளும்.

முகம் முழுக்கத் தெளிந்துவிடவில்லை. புதிதாக வருவது குறைந்திருக்கிறது, தாடையில் பழைய கறுப்புகள் அப்படியே இருக்கின்றன. பெண் பிள்ளை தாயின் அழகை எடுத்துக்கொள்ளும், அதனால்தான் பரு என்று சித்தி அடித்துச் சொல்கிறார். ஸ்கேனில் பிள்ளை காலை மடக்கிக்கொண்டு ஒன்றையும் காட்ட மாட்டேன் என்கிறது.