கண்ணாடி உள்ளதா, இல்லாததா: முதல் கேமரா வாங்கும் மதுரைக்காரர்களுக்கு

அழகர் ஆற்றில் இறங்குவதற்குள் கையில் ஒரு கேமரா இருக்க வேண்டும் என்று கிளம்புகிறவர்கள் வந்து நிற்கும் இடம் ஒன்றுதான். கேனான் 1500டி, நிக்கான் டி3500 மாதிரி ஒரு தொடக்கநிலை டிஎஸ்எல்ஆர் (உள்ளே கண்ணாடி உள்ளது) வாங்குவதா, கேனான் ஆர்50, சோனி ஆல்ஃபா 6000 மாதிரி ஒரு சின்ன மிரர்லெஸ் (கண்ணாடி இல்லாதது) வாங்குவதா?

மெகாபிக்சலைப் பார்த்து இதைத் தீர்க்க முடியாது. நான்கிலும் 24 மெகாபிக்சல்தான், சென்சார் அளவும் கிட்டத்தட்ட ஒன்றுதான். நல்ல வெளிச்சத்தில் எடுத்த படங்களை 12க்கு 18 அங்குலத்தில் பிரிண்ட் போட்டுப் பரப்பினால், எது எந்தக் கேமராவில் எடுத்தது என்று சொல்வது கடினம். ஃபோகஸ் எந்த இடத்தில் அளக்கப்படுகிறது என்பதுதான் உண்மையான வேறுபாடு. இரண்டு வகையின் நல்லது கெட்டதில் பெரும்பாலானவை அங்கிருந்துதான் கிளம்புகின்றன.

டிஎஸ்எல்ஆரில் லென்ஸ் வழியே வரும் ஒளியில் பெரும்பகுதியைக் கண்ணாடி மேலே திருப்பி உங்கள் கண்ணுக்கு அனுப்புகிறது. கண்ணாடியின் நடுப்பகுதி கொஞ்சம் ஒளியை ஊடுருவ விடும். அது பின்னால் இருக்கும் குட்டிக் கண்ணாடியில் பட்டு, கேமராவின் அடியில் உள்ள தனி ஃபோகஸ் சென்சாருக்கு இறங்கும். ஆக, படம் பதிகிற சென்சார் வேறு, ஃபோகஸ் பார்க்கிற சென்சார் வேறு. லென்ஸிலிருந்து இரண்டுக்கும் உள்ள தூரம் மயிரிழை பிசகாமல் ஒன்றாக இருக்க வேண்டும். கேமராவோடு வரும் கிட் லென்ஸில் எஃப் 5.6 (லென்ஸ் துளையின் அளவு; எண் குறைந்தால் துளை பெரிது, தெளிவாக விழும் ஆழம் குறைவு) வைத்து எடுக்கும்வரை சிறு பிசகு கண்ணுக்குத் தெரியாது. ஆசையாக 50 மி.மீ. எஃப் 1.8 வாங்கி மாட்டிய அன்றுதான் தெரியும்: கண்ணில் வைத்த ஃபோகஸ் காதில் போய் உட்கார்ந்திருக்கும். விலை கூடிய டிஎஸ்எல்ஆர்களில் இதை மெனுவிலேயே திருத்தலாம். 1500டி, டி3500 இரண்டிலும் அந்த வசதி கிடையாது, சர்வீஸுக்குத்தான் கொடுக்க வேண்டும்.

சோதிப்பது எளிது. ஒரு நாளிதழை மேசையில் விரித்து, நடுவில் ஏதாவது ஒரு வரிக்குக் கீழே பேனாவால் கோடு போடுங்கள். ட்ரைபாடில் கேமராவை ஏறக்குறைய 1 மீட்டர் தூரத்தில், 45 டிகிரி சாய்வில் நிறுத்துங்கள். எஃப் 1.8, நடு ஃபோகஸ் புள்ளி மட்டும், 2 விநாடி டைமர். ஒவ்வொரு முறையும் ஃபோகஸைக் கலைத்துவிட்டுப் புதிதாக ஃபோகஸ் செய்து 5 படங்கள் எடுங்கள். ஐந்திலும் கோட்டுக்கு முன்வரியே தெளிவாக இருந்தால், அல்லது ஐந்திலும் பின்வரியே தெளிவாக இருந்தால், பாடியும் லென்ஸும் ஒத்துப்போகவில்லை. ஒன்று முன்னால், ஒன்று பின்னால் என்று மாறி மாறி வந்தால் வெளிச்சம் போதவில்லை. பிறகு லைவ் வியூவில் (பின்திரையைப் பார்த்து, படம் பதியும் சென்சாராலேயே ஃபோகஸ் செய்யும் முறை) அதே சோதனையைச் செய்யுங்கள். அதில் கோடு போட்ட வரியே தெளிவாக வந்தால் லென்ஸில் குறையில்லை, அடியில் இருக்கும் ஃபோகஸ் சென்சார்தான் பிசகியிருக்கிறது.

மிரர்லெஸ்ஸில் படம் பதியும் சென்சாரே ஃபோகஸையும் பார்ப்பதால் இந்தத் தொல்லை அநேகமாக இல்லை. சென்சார் எப்போதும் காட்சியைப் பார்த்துக்கொண்டே இருப்பதால் முகத்தையும் கண்ணையும் அடையாளம் கண்டு பிடித்துக்கொள்கிறது. காதுகுத்தில் மாமன் மடியில் திமிறும் பிள்ளையை எஃப் 1.8இல் எடுப்பவருக்கு இது பெரிய வசதி. 1500டியில் 9 ஃபோகஸ் புள்ளிகள்தான், அவையும் நடுவில் கூடிக் கிடக்கின்றன. வீடியோ என்றால் இடைவெளி இன்னும் அதிகம்: 1500டி, டி3500 இரண்டும் லைவ் வியூவில் ஃபோகஸை முன்னும் பின்னும் தேடித் தேடித்தான் நிற்கும். டிஎஸ்எல்ஆரில் ஒரு விதிவிலக்கு கேனான் 200டி மார்க் 2. திரையைப் பார்த்து எடுக்கும்போது அது கிட்டத்தட்ட மிரர்லெஸ் போலவே நடந்துகொள்ளும். ஆனால் ஃபிளாஷ் மாட்டும் ஷூவில் அதற்கு நடுப்புள்ளி கிடையாது. ஒற்றைப் புள்ளியை நம்பும், ஃபிளாஷை அடிக்க வைக்கும் சாதாரண ட்ரிகர், பழைய ஃபிளாஷ் எதுவும் அதில் வேலை செய்யாது. ஸ்டுடியோ லைட் வைத்து எடுக்க நினைப்பவர்கள் எந்தப் பாடியானாலும் ஷூவைக் குனிந்து பார்த்துவிட்டு வாங்குங்கள்.

சென்சார் ஓயாமல் விழித்திருப்பதற்கு விலை பேட்டரி. நிறுவனங்கள் அறிவித்த கணக்கில் ஒரு சார்ஜுக்கு டி3500 1550 படம், 1500டி 500 படம், ஆல்ஃபா 6000 சுமார் 360 படம். எதிர்சேவையில் தொடங்கி விடிய விடிய நின்று வைகையில் இறங்குவதுவரை எடுக்கப்போகிறவர், டி3500 என்றால் ஒரு பேட்டரியோடு போகலாம், மிரர்லெஸ் என்றால் மூன்று வேண்டும். ஆல்ஃபா 6000ஐ பவர் பேங்கில் சார்ஜ் செய்யலாம் என்பது ஓரளவு ஆறுதல். 1500டி, டி3500 இரண்டிலும் அது முடியாது.

தூசியும் அப்படித்தான். டிஎஸ்எல்ஆரில் லென்ஸைக் கழற்றினால் முன்னால் கண்ணாடியும் ஷட்டரும் மறைத்து நிற்கும். சின்ன மிரர்லெஸ்களில் சென்சார் அப்படியே திறந்து கிடக்கும். வாடிவாசல் பக்கம் கிளம்பும் செம்மண் புழுதியில் லென்ஸ் மாற்றவே கூடாது. மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால் கேமராவை அணைத்து, காற்றுக்கு முதுகு காட்டி, வாய் தரையைப் பார்க்கும்படி பிடித்து மாற்றுங்கள். சென்சாரை வாயால் ஊதாதீர்கள், எச்சில் துளி காய்ந்தால் ஊதுகுழலுக்கு அசையாது. அழகர் மேல் தண்ணீர் பீய்ச்சும் இடத்தில் இந்தக் கேமராக்கள் எதற்குமே நீர்த்தடுப்பு இல்லை. பெரிய பாலித்தீன் பையில் லென்ஸ் முனைக்கு ஓட்டை போட்டு ரப்பர் பேண்டால் இறுக்கினால் போதும்.

மதுரை வெயிலுக்கு இன்னொன்று. சோனி இசட்வி-இ10, நிக்கான் இசட்30 இரண்டிலும் வியூஃபைண்டர் இல்லை. வீடியோ எடுப்பவருக்கு அவை நல்ல கேமராக்கள். ஆனால் சித்திரை மாத மத்தியானத்தில் பின்திரையில் ஒன்றும் தெரியாது, ஃபிரேமை ஊகித்துத்தான் எடுக்க வேண்டும். படம் எடுக்க வாங்குகிறீர்கள் என்றால் கண்ணை வைத்துப் பார்க்கும் துளை இல்லாத பாடியே வேண்டாம்.

ஜல்லிக்கட்டு எடுக்க வேண்டும், கையில் பணம் குறைவு என்பவருக்கு மட்டும் என் ஓட்டு பழைய டிஎஸ்எல்ஆருக்கு. அவனியாபுரமோ பாலமேடோ அலங்காநல்லூரோ, மாடு வாடியைத் தாண்டும் நொடி எப்போது என்று சொல்ல முடியாது. கண்ணாடி வழியே பார்க்கும்போது தாமதமே இல்லை, எவ்வளவு நேரம் பார்த்தாலும் பேட்டரி இறங்காது. 250 மி.மீ. அளவுக்கு எட்டும் லென்ஸ், ஷட்டர் வேகம் 1/1000 விநாடிக்குக் குறையாமல், நடுப்புள்ளி, தொடர் ஃபோகஸ். 1500டி விநாடிக்கு 3 படம்தான் எடுக்கும், டி3500 5 எடுக்கும், அதனால் இந்த வேலைக்கு டி3500. ஆர்50 விநாடிக்கு 12 எடுக்கும் என்றாலும், ரா (RAW) கோப்பாக ஒரு விநாடி அழுத்திப் பிடித்தாலே பஃபர் (தற்காலிக நினைவகம்) நிரம்பித் திணறும். ஜேபெக் வைத்துக்கொள்ளுங்கள். அது தானாக அடையாளம் காணும் விலங்குப் பட்டியலில் நாய், பூனை, பறவை, குதிரை உண்டு, மாடு இல்லை. எனவே ஃபோகஸ் பகுதியை நீங்களே திமில் பக்கம் நிறுத்த வேண்டும். மின்னணு ஷட்டரை அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் ஓடும் கால்கள் சாய்ந்து பதியும்.

அரிட்டாபட்டி மலையில் ராஜாளிகளை எடுக்க 250 மி.மீ. போதாது. ஆர்50இல் 100-400 லென்ஸ் மாட்டினால் மொத்தம் 1 கிலோதான் வரும், பறவையின் கண்ணையும் அது பிடிக்கும். அங்கே மிரர்லெஸ் தெளிவாக முந்துகிறது.

கல்யாண மண்டப எல்இடி விளக்கில் படத்தில் கருப்புப் பட்டை விழுகிறதா? நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், பல விளக்குகள் விநாடிக்கு 100 முறை மினுக்கும். ஷட்டர் 1/50 அல்லது 1/100, சைலண்ட் (மின்னணு) ஷட்டர் வேண்டாம். வீடியோ மெனுவில் பால் (PAL) என்பதைத் தேர்ந்து 25 ஃபிரேம் வையுங்கள். 4கே எடுப்பவர் கார்டையும் கணக்குப் பாருங்கள்: விநாடிக்கு 120 மெகாபிட் என்றால் ஒரு மணி நேரத்துக்கு 54 ஜிபி.

பாடியைவிட மவுன்ட் (லென்ஸ் மாட்டும் வளையம்) முக்கியம், ஏனென்றால் லென்ஸ்தான் உங்களோடு பல காலம் இருக்கப்போவது. டி3500 தயாரிப்பு நின்றுவிட்டது. நிக்கானும் கேனானும் இப்போது புது லென்ஸ்களைக் கொண்டுவருவது மிரர்லெஸ்ஸுக்குத்தான். அதற்காகக் கேனான் இஎஃப் (டிஎஸ்எல்ஆர்) லென்ஸ் வைத்திருப்பவர்கள் பதற வேண்டாம். 110 கிராம் அடாப்டர் போட்டால் ஆர்50இல் ஆட்டோஃபோகஸோடு வேலை செய்யும். நிக்கானில் கவனம் தேவை: பழைய 50 மி.மீ. 1.8டி லென்ஸ் டி3500இலும் ஆட்டோஃபோகஸ் ஆகாது, இசட் (மிரர்லெஸ்) பாடியில் அடாப்டர் போட்டாலும் ஆகாது. ஏஎஃப்-எஸ் அல்லது ஏஎஃப்-பி என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். மலிவாகக் கிடைக்கிறதே என்று கேனான் எம்50 எடுப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். அதன் இஎஃப்-எம் மவுன்ட் கைவிடப்பட்டுவிட்டது, ஆர்50க்கான ஆர்எஃப் லென்ஸ் எதுவும் அதில் ஏறாது.

எடையைப் பற்றிப் பேசுவதை நான் குறைத்துக்கொள்வேன். கிட் லென்ஸோடு ஆர்50 ஏறக்குறைய 505 கிராம், 1500டி 675 கிராம். திருமலை நாயக்கர் மகாலில் ஒரு சுற்று நடப்பதற்கு இது பொருட்டல்ல. அங்கே உண்மையில் உதவுவது லென்ஸின் அகலம். சோனியின் 16-50 கிட் லென்ஸ், கேனானின் 18-55ஐவிடத் தூணையும் வளைவையும் கூடுதலாக உள்ளே இழுக்கும்.

செகண்ட் ஹேண்ட் என்றால் பகலில் போய்ப் பாருங்கள். லென்ஸைக் கழற்றி, பின்பக்கமிருந்து டார்ச் அடித்து முன்பக்கம் வழியாகப் பாருங்கள். சிலந்தி நூல் போல் கிளைகிளையாகத் தெரிந்தால் ஃபங்கஸ், எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வேண்டாம். எஃப் 16 வைத்து வெள்ளைச் சுவரையோ வானத்தையோ ஃபோகஸ் கலைத்து எடுங்கள். கரும்புள்ளிகள் வந்தால் சென்சாரில் தூசி, அது துடைத்தால் போகும். அடுத்த படத்தில் அதே இடத்தில் நிறப்புள்ளியாக மின்னினால் பழுதான பிக்சல், துடைத்துப் போகாது. நிக்கானில் எத்தனை முறை ஷட்டர் அடித்திருக்கிறது என்பது படக்கோப்பிலேயே இருக்கும். கல்யாண வேலைக்கு ஓடிய பாடி என்றால் அந்த எண் 1 லட்சத்தை நெருங்கியிருக்கலாம், அப்போது ஷட்டர் மாற்றும் செலவையும் விலையில் கழித்துத்தான் பேச வேண்டும். பாடியின் அடியில் உள்ள வரிசை எண்ணும் பில்லில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பார்த்த பிறகு பணத்தைக் கொடுங்கள்.