சைடு வீல் வண்டிக்கு லைசென்ஸ் எடுத்த அனுபவம்

எனக்கு இடது காலில் போலியோ. வீடு விருதம்பட்டில், செல்போன் சர்வீஸ் கடை வேலூர் டவுனில். பல வருஷம் ஷேர் ஆட்டோவில்தான் பாலாற்றுப் பாலத்தைத் தாண்டினேன். இப்போது சொந்தமாக, பின்னால் இரண்டு பக்கமும் சைடு வீல் வைத்த ஸ்கூட்டர் இருக்கிறது. நம்மவர்கள் பலர் வண்டியை வாங்கிவிட்டு லைசென்ஸ், ரிஜிஸ்ட்ரேஷன் காகிதங்களை விட்டுவிடுகிறார்கள். அந்தக் கவலையில்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீஸில், மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரித்தேன். அரசு இலவசமாகத் தரும் இணைப்புச் சக்கர ஸ்கூட்டர் இரண்டு காலும் பாதிக்கப்பட்டவர்களுக்கு என்றார்கள். எனக்கு ஒரு கால்தான் என்பதால் சொந்தக் காசில் வாங்க முடிவு செய்தேன்.

வண்டி பார்க்கப் போன இடத்தில் ஒரு புரோக்கர், "இன்னாத்துக்குண்ணா அலையறீங்க? சாதா வண்டிய எடுத்து வெளிய சைடு வீல் மாட்டிக்கோங்க. உங்கள யாரு நிறுத்தப் போறாங்க?" என்றார். அன்பாகத்தான் சொன்னார். ஆனால் எனக்குக் கோபம் வந்தது. போலீஸ்காரர் இரக்கப்பட்டு விட்டுவிடலாம். விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி இரக்கப்படாது, ஆர்.சி.யையும் (ரிஜிஸ்ட்ரேஷன் சான்று) லைசென்ஸையும்தான் கேட்கும். சட்டம் அனுமதிக்காத விதத்தில் வண்டியை மாற்றி அமைத்தால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு உரிமையாளருக்கு ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, இரண்டும் சேர்ந்தும் வரலாம்.

மாற்றுத்திறனாளிக்காகவே வடிவமைத்த, அல்லது அவருக்காக மாற்றி அமைத்த வண்டியைச் சட்டம் 'அடாப்டட் வெஹிக்கிள்' என்று தனி வகையாக வைத்திருக்கிறது. 2019 திருத்தத்துக்கு முன்னால் அதன் பெயர் 'இன்வாலிட் கேரேஜ்' என்று இருந்தது. லைசென்ஸும் அந்த வகைக்கே எடுக்க வேண்டும். சாதா டூவீலர் லைசென்ஸ் போதாது. உடல் குறையைக் காரணம் காட்டி லைசென்ஸே கிடையாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். இந்த வண்டியை ஓட்டத் தகுதி இருக்கிறது என்று அதிகாரிக்குத் திருப்தி ஏற்பட்டால் லைசென்ஸ் தரலாம் என்று சட்டத்தின் 8-வது பிரிவே சொல்கிறது.

எல்.எல்.ஆர். (பழகுநர் லைசென்ஸ்) போடும்போது வண்டி வகையைச் சரியாகத் தேர்ந்தெடுப்பதுதான் முக்கியம். எனக்கு 40 வயது தாண்டிவிட்டதால் படிவம் 1ஏ என்ற மருத்துவச் சான்றில் டாக்டர் கையெழுத்தும் தேவைப்பட்டது. எல்.எல்.ஆர். 6 மாதம் செல்லும். 30 நாள் கழித்துத்தான் டெஸ்டுக்குப் போக முடியும். டெஸ்டுக்கு நம் வண்டியையே கொண்டுபோக வேண்டும் என்பதால் அந்த இடைவெளியில் சைடு வீலோடு ரிஜிஸ்ட்ரேஷனை முடித்துக்கொண்டேன். ஆர்.சி.யில் மாற்றுத்திறனாளியின் வண்டி என்று வந்திருக்கிறதா என்று கவுன்ட்டரிலேயே பார்த்துவிடுங்கள். 2020 அக்டோபரிலிருந்து ரிஜிஸ்ட்ரேஷன் படிவத்திலேயே அதற்கு இடம் இருக்கிறது. தமிழ்நாட்டில் சாலை வரி விலக்கும் உண்டு, கேட்டு வாங்க வேண்டும்.

டெஸ்ட் அன்று பிரேக் இன்ஸ்பெக்டர் (மோட்டார் வாகன ஆய்வாளர்) குத்துக்காலிட்டு உட்கார்ந்து சைடு வீல் போல்ட்டை ஒவ்வொன்றாகக் கையால் அசைத்துப் பார்த்தார். பிறகு சீட்டைப் பிடித்து வண்டியை இரண்டு பக்கமும் ஆட்டினார். சைடு வீல் வண்டி திருப்பத்தில் சாயாது. வேகமாகத் திருப்பினால் உள்பக்கச் சக்கரம் தூக்கிவிடும். வேகத்தைக் குறைத்து, உடம்பைத் திருப்பத்தின் பக்கம் வைத்து ஓட்டிக் காட்டினேன். "போதும், வாங்க" என்றார். மனசு நிறைந்தது.

பேரணாம்பட்டில் இருக்கும் நண்பர் ஏற்கெனவே ஓட்டிக்கொண்டிருந்த வண்டியில் பிறகு சக்கரம் பொருத்தப் போகிறார். அப்படி மாற்றுகிறவர்கள் அங்கீகரித்த சைடு வீல் கிட்டையே பொருத்தி, 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.விடம் தெரிவித்து, ஒப்புதல் வாங்கி ஆர்.சி.யில் பதிய வைக்க வேண்டும்.

பேட்டரி வீல்சேர் வாங்குகிறவர்களுக்கும் ஒன்று. மோட்டார் 0.25 கிலோவாட்டுக்கும், வேகம் மணிக்கு 25 கி.மீ.க்கும் குறைவாக இருந்து, அங்கீகரிக்கப்பட்ட சோதனை நிறுவனமும் அதைச் சரிபார்த்திருந்தால், சில வண்டிகள் மோட்டார் வாகனக் கணக்கிலேயே வராது. விற்கிறவர் "லைசென்ஸே வேணாம்" என்று சொன்னால், பணம் கட்டுவதற்கு முன்னால் அந்தச் சான்றிதழின் நகலைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.